குடவோலையைப் பிள்ளைகளை வைத்து நடத்திப் பார்த்தேன், ஒரு தப்பு நேர்ந்துவிட்டது. வரலாறு எடுப்பவர்கள் யோசனை சொல்லுங்கள்

ஓடம்போக்கிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பதினோரு வருஷமாகச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் சோழர் பாடம் வந்தால் குடவோலை முறையைப் பிள்ளைகளை வைத்தே நடத்திக் காட்டுவது என் வழக்கம். அதற்கென்று ஒரு மண்குடம் அலமாரி மேலேயே இருக்கும். பனையோலை நறுக்குக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்து ஏற்பாடு இரண்டு இருக்கிறது, 919இல் ஒன்று, 921இல் ஒன்று. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (நிர்வாகக் குழுக்களுக்கு) ஆள் தேர்ந்தெடுக்க, ஊரை முப்பது குடும்பாக, அதாவது வார்டாகப் பிரித்து, குடும்புதோறும் தகுதியுள்ளவர்களின் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டுக் குடும்புக்கு ஓர் ஓலை எடுக்கச் சொன்னார்கள். எடுத்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலை ஒளித்து மாற்றிவிடக்கூடாது என்பதற்காக. இந்த இடம் வந்தாலே பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்காது. ஒவ்வொருத்தராக வந்து கையை விரித்து நிற்பார்கள்.

இந்த வருஷம் இன்னும் கொஞ்சம் உயிரோட்டமாக இருக்கட்டுமே என்று, யார் நிற்கலாம் யார் நிற்கக்கூடாது என்ற தகுதி விதிகளையும் நடத்திப் பார்த்தேன். 36 பிள்ளைகளையும் எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். "வரி கட்டும் நிலம் கால் வேலியாவது சொந்தமாக இருக்க வேண்டும். அப்படி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் உட்காருங்கள்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஒன்பது பேர் நின்றார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்கும் பெண் ஒருத்தி இரண்டாவது பெஞ்சில் இருக்கிறாள். அவளும் உட்கார்ந்தாள். அப்புறம் பீரியட் முடியும்வரை கையிலிருந்த ஓலையை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள், அது நாராகக் கிழியும்வரை. அதில் அவள் பேரைத்தான் எழுதியிருந்தாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. இந்த முறையையே விட்டுவிடலாமா? விடாமல் நடத்துகிறவர்கள் எப்படி நடத்துகிறீர்கள்?

பாமணியாறு

அம்மா, நான் மன்னார்குடிப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டீர்களே, அதுவே பெரிது.

ஆனால் எனக்கு இதில் அடிப்படையிலேயே ஒரு தயக்கம் உண்டு. நடித்துக் காட்டினால் மூன்று பீரியட் போகும். அந்த நேரத்தில் இரண்டு பாடம் முடித்து ரிவிஷனும் வைத்துவிடலாம். பத்தாம் வகுப்பென்றால் சொல்லவே வேண்டாம். இன்னொன்று, நடிப்பு ருசி கண்ட பிள்ளைக்கு நடந்தது எது, தான் இட்டுக்கட்டியது எது என்று குழம்பாதா? தேர்வுத் தாளில் இரண்டையும் சேர்த்து எழுதி வைத்தால் மதிப்பெண் போவது அவனுக்குத்தானே?

குடந்தை அம்மா

நான் ஆசிரியை இல்லை, பெற்றோர். என் பையன் படிக்கும் தனியார் பள்ளியில் வரலாற்றுத் திருவிழா என்று வைத்தார்கள். இவனுக்கு ராஜராஜ சோழன் வேஷம். கிரீடம், வாள், பட்டுவேட்டி எல்லாம் வாடகைக்கு எடுத்ததில் எண்ணூறு ரூபாய். மேடையில் நாலு வரி, அதையும் மிஸ்தான் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "தம்பி, பெரிய கோயில் எப்ப கட்டி முடிச்சாங்க?" என்று கேட்டேன். தெரியவில்லை. வாள் ரொம்ப கனமாக இருந்தது என்று மட்டும் சொன்னான். டீச்சர் சொல்வது இது மாதிரி இல்லை என்று புரிகிறது, ஆனாலும் பல பள்ளிகளில் இதைத்தான் நடிப்புவழிக் கல்வி என்கிறார்கள். ஆதங்கத்தில் எழுதிவிட்டேன்.

வடவாற்றுத் தம்பி

குடந்தை அக்கா சொல்வது மாறுவேடப் போட்டி. அதில் பிள்ளை யோசிக்க வேண்டியது ஒன்றுமே இல்லை. வசனத்தை மனப்பாடம் செய்வதற்கும் பாடத்தை மனப்பாடம் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? பிள்ளை கையில் வசனத்தைக் கொடுக்காமல் ஒரு இக்கட்டைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. நான் செய்ததைச் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் வகுப்பில் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் வருகிறது இல்லையா? 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று நம் ஊர்கள் வழியாகவே நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். பாடமாக எடுத்தால் பத்து நிமிஷம். பிள்ளைகளும் தேதியைக் கோடு போட்டுக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள்.

நான் புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னேன். அப்போது தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன். யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம்வரை சிறை, அபராதமும் உண்டு என்று ஊர் ஊராக எச்சரிக்கை விட்டார். இந்த ஒரு செய்தியை மட்டும் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பை ஐந்து வீடாகப் பிரித்தேன்: கிராம முன்சீப் வீடு, மளிகைக்கடைக்காரர் வீடு, சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர் வீடு, குத்தகைக்கு உழும் குடும்பம், மகன் போலீசில் இருக்கும் ஒரு விதவைத் தாயின் வீடு. யாருக்கு எந்த வீடு என்று சீட்டுக் குலுக்கித்தான் போட்டேன். "நாளைக் காலையில் நூறு பேர் பசியோடு உங்கள் ஊருக்குள் வரப்போகிறார்கள். என்ன செய்யப்போகிறீர்கள்? இருபது நிமிஷம்."

சத்தத்தில் பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முன்சீப் வீட்டில் ஒருத்தன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "குடுத்தா வேலை போயிடும் சார். ஆனா கொல்லைப்பக்கமா என் சம்சாரம் குடுத்தா எனக்குத் தெரியாதுல்ல?" சாப்பாட்டுக்கடை வீடு, காசு வாங்கிக்கொண்டு போட்டால் அது வியாபாரம்தானே, சட்டம் எப்படித் தடுக்கும் என்று வாதாடியது. குத்தகைக் குடும்பத்துப் பெண்கள் கடைசிவரை வாயே திறக்கவில்லை, குசுகுசுவென்று பேசிக்கொண்டே இருந்தார்கள். முறை வந்ததும் ஒருத்தி எழுந்தாள். "நாங்க யாருக்கும் சோறு போடல. பொட்டலம் கட்டி ரோட்டோரப் புளியமரத்துல தொங்கவிட்டுட்டு வந்துடுவோம். யாரு எடுத்துத் தின்னா எங்களுக்கென்ன?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்றைக்கு நம் ஜில்லா சனங்கள் அதைத்தான் செய்தார்கள், சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று சொன்னபோது வகுப்பில் அரவமே இல்லை. பிறகு ஒரே கைதட்டல். வேதாரண்யத்தில் நாவிதர் வைரப்பன், பாதிச் சவரத்தில் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் மீதியைச் செய்ய மறுத்த கதையையும் அதோடு சேர்த்துச் சொன்னேன். அவருக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது.

பாமணியாறு ஐயாவின் கேள்விக்கு: கடைசிப் பத்து நிமிஷத்தைத் தொடவே கூடாது. பலகையில் நடுவில் ஒரு கோடு கிழிப்பேன். இடது பக்கம் "நாம் முடிவு செய்தது", வலது பக்கம் "நடந்தது". இரண்டையும் பிள்ளைகளே எழுத வேண்டும். இதுவரை யாரும் குழம்பவில்லை. இடது பக்கம் இருப்பதால்தான் வலது பக்கம் மனதில் நிற்கிறது. மொத்தம் ஒன்றரை பீரியட், அவ்வளவுதான்.

பாமணியாறு

தம்பி, அந்தக் கோடு நல்ல ஏற்பாடு. என் தயக்கத்தில் பாதி போய்விட்டது.

மயிலாடுதுறைக்காரன்

கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன். தம்பி தானாகக் கண்டுபிடித்ததை ஒட்டியே வெளிநாட்டில் சிலர் ஒரு முறையாக வளர்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் டோரதி ஹீத்கோட் என்ற அம்மையார், ஆசிரியரும் ஒரு பாத்திரமாகவே வகுப்புக்குள் வருவதைப் பழக்கினார். உள்ளே இருந்துகொண்டே கேள்வியைத் திருப்பிவிடலாம், "அமைதி, அமைதி" என்று கத்த வேண்டியதில்லை. அமெரிக்காவில் பர்னார்ட் கல்லூரியில் மார்க் கார்ன்ஸ் 1990களில் தொடங்கிய முறையில், மாணவர்கள் அந்தக் காலத்து ஆவணங்களைப் படித்துவிட்டு வந்து ஆளுக்கொரு பாத்திரமாக வாதாடுகிறார்கள். முடிவு எப்படிப் போகும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்ததும் உண்மையில் என்ன நடந்தது என்று தனியாக ஒரு வகுப்பு. நம் தம்பியின் கோடு அதுதான்.

திருவாரூர் டீச்சருக்கு ஒரு யோசனை. உத்திரமேரூர் தொண்டை மண்டலம். நம் மண்ணிலேயே அதற்கு ஈடான சரக்கு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன், பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை (கோயில் ஆடல்மகளிரை) கொண்டுவந்து குடியேற்றிய கல்வெட்டைப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் பேர், முன்பிருந்த கோயில், எந்தச் சிறகில் (தெருவின் எந்த வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். பங்கு ஒன்றுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். திருவாரூர்க் கோயில்களிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. "நாளைக்குத் தஞ்சாவூருக்குக் கிளம்ப வேண்டும். எதை எடுத்துப் போவீர்கள், யாரிடம் சொல்லிக்கொள்வீர்கள்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கல்வெட்டில் வெறும் பட்டியலாகத் தெரிவது, கேட்ட மாத்திரத்தில் ஆட்களாகிவிடும்.

கொள்ளிடக்கரைக் கூத்தன்

எங்கள் தாத்தா கூத்துக் கட்டியவர். டீச்சர் எழுதியதைப் படித்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது.

விடிய விடிய இரணியனாக ஆடிவிட்டு வருவார். வீட்டு வாசலில் தேங்காயெண்ணெய்க் கிண்ணம் தயாராக இருக்க வேண்டும். அரிதாரத்தைத் துடைத்து, முகம் கழுவி, கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார். அதற்குமுன் பேரப்பிள்ளை யாரையும் கிட்டே சேர்க்கமாட்டார். வேஷம் கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, கலைக்கவும் தெரிய வேண்டும் என்பார்.

வகுப்பில் பிள்ளைக்கு வேஷம் கட்டிவிடுகிறீர்கள். மணி அடித்ததும் அப்படியே கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறான். பண்ணையாராக இருந்தவன் இன்டர்வெல்லிலும் பண்ணையாராகவே திரிவான், நான் பார்த்திருக்கிறேன். பாத்திரத்தின் பேரை எழுதிய சீட்டைத் திரும்பப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். போடும்போது தன் பேரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போகட்டும். ரெண்டே நிமிஷ வேலை.

இன்னொன்று டீச்சர், அன்றைக்கு அந்தப் பெண் வேஷமே கட்டவில்லை. அவள் அவளாகவே நின்றாள், அவளாகவே உட்கார வைக்கப்பட்டாள். அதுதான் தைத்துவிட்டது.

ஓடம்போக்கிக்கரை

கூத்தன் அண்ணே, அந்தக் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. என் தப்பு எங்கே என்று இப்போதுதான் பிடிபட்டது.

நாகை வெட்டாறு

இழையை முதலிலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். வெண்மணியை என்ன செய்வது? 1968 டிசம்பர் 25, கூலி உயர்வு கேட்ட பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களைக் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள், 44 உயிர். சம்பவம் நடந்தது எங்கள் மாவட்டத்தில். எங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லாமல் தஞ்சை வரலாறு எப்படி முழுமையாகும்? போன வருஷம் இளம் ஆசிரியர் ஒருவர் அதை நாடகமாகவே போட வேண்டும் என்று துடிப்போடு கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

கீழத்தஞ்சைப் பேரன்

நான் சொல்கிறேன் தோழர். என் அப்பாவின் அப்பா பண்ணையாள், மிராசுதார் நிலத்துக்குக் கட்டுப்பட்ட கூலியாள். சாட்டையடியும், தண்டனையாகக் கரைத்துக் குடிக்க வைத்த சாணிப்பாலும் எங்கள் வீட்டில் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை இல்லை.

ஆறாவது படிக்கும்போது எங்கள் பள்ளியில் குடியரசு தினத்துக்குப் பண்ணையாள் முறையைப் பற்றி நாடகம் போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான். பாத்திரம் பிரிக்கும்போது சார் என்னைப் பார்த்து, "இதுக்கு நீதான்டா சரியா இருப்ப" என்றார். அடிவாங்கும் பாத்திரம். சீட்டும் இல்லை, கேள்வியும் இல்லை. அடிக்கிற வேஷம் யாருக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சணலில் திரித்த சாட்டை, வலிக்கவே இல்லை. கூட்டத்தில் என் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் குனிந்தபோது அவர் எழுந்து வெளியே போவது தெரிந்தது. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் இடுக்கிய குடை. வீட்டுக்கு வந்து அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இன்றைக்கு எனக்கு நாற்பத்திரண்டு வயது.

அதனால் என் பதில்: வெண்மணியை நடிக்கக்கூடாது. அந்த ராத்திரியை எந்தப் பிள்ளையையும் விட்டு நடத்திப் பார்க்க வேண்டாம், எரித்தவன் பக்கமும் வேண்டாம், எரிந்தவர் பக்கமும் வேண்டாம். பிள்ளைகளைக் கீழ்வெண்மணிக்கே கூட்டிக்கொண்டு போங்கள். நினைவிடத்தில் 44 பேரும் கல்லில் இருக்கிறது. நின்று ஒவ்வொன்றாக வாசிக்கட்டும், போதும்.

ஆனால் அந்த ராத்திரிக்கு முன்னும் பின்னும் இருப்பதை நடத்தலாம், நடத்தத்தான் வேண்டும். சண்டை கூலி நெல்லைப் பற்றியது. அரைப்படி கூடக் கேட்டார்கள். ஒரு படியை நிஜமாகவே வகுப்புக்குக் கொண்டுவந்து, நெல்லை அளந்து மேஜையில் கொட்டிக் காட்டுங்கள். அஞ்சு பேர் இருக்கும் வீட்டுக்கு அது எத்தனை வேளை வரும் என்று பிள்ளைகள் கணக்குப் போடட்டும். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. வெண்மணிக்குப் பிறகு விவசாயக் கூலிப் பிரச்சினையை விசாரிக்கக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைத்தார்கள், 1969இல் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. அந்த ஆணையத்தின் முன் என்ன கேட்பது, எவ்வளவு கேட்பது, எதற்காகக் கேட்பது என்று வகுப்பு முழுவதும் ஒரே பக்கம் நின்று மனு தயாரிக்கட்டும். எதிர்ப்பக்கத்துக்கு ஆள் தேவைப்பட்டால் அங்கே ஆசிரியர் உட்காரட்டும். பிள்ளையை உட்கார வைக்க வேண்டாம்.

நாகை வெட்டாறு

நன்றி தோழர். இதை அப்படியே அந்தத் தம்பிக்கு அனுப்புகிறேன். எதிர்ப்பக்கம் ஆசிரியர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பாமணியாறு

பேரன் ஐயா, நான் பணியில் இருந்த காலத்தில் பள்ளி நாடகங்களுக்குப் பாத்திரம் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். யாருக்கு எதைக் கொடுத்தேன் என்று நேற்றிலிருந்து ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு முகம் போகவே மாட்டேன் என்கிறது. வேறு சொல்லத் தெரியவில்லை.

தலைஞாயிறு கடைமடை

பெரிய விஷயம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நடுவில் ஒரு சின்ன விளையாட்டுச் சொல்கிறேன். பொதுப்பணித் துறையில் இருந்தவன், இப்போது விவசாயம். பேரப்பிள்ளைகளுக்கு ஆற்றுப்பாசன வரலாறு சொல்ல நான் வைத்த வழி இது.

புளியங்கொட்டை நூறு. ஆறு பெஞ்சு வரிசை. முதல் பெஞ்சு தலைமடை, கடைசிப் பெஞ்சு கடைமடை. ஒவ்வொரு பெஞ்சுக்கும் இருபது கொட்டை தேவை. ஒரு பெஞ்சிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது இரண்டு கொட்டை கீழே போட்டுவிட வேண்டும், அது கசிவு. எல்லோரும் யோக்கியமாக இருபது மட்டும் எடுத்தாலே ஐந்தாவது பெஞ்சுக்குப் பன்னிரண்டுதான் வரும், ஆறாவதுக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வாய்ச்சண்டை தானாக வரும்.

அந்தச் சண்டை சூடாக இருக்கும்போதே மேலணையைச் சொல்லுங்கள். கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு, தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் அணை கட்டித் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார். அதன் ஒன்பது மதகு 2018இல் அடித்துக்கொண்டு போனதைப் பிள்ளைகளின் அப்பாக்கள் டிவியில் பார்த்திருப்பார்கள். பிறகு 1924இல் மைசூரோடு ஒப்பந்தம், 1934இல் மேட்டூர். கொட்டை கையில் இல்லாத பிள்ளைக்கு மட்டும்தான் மேட்டூர் ஏன் வந்தது என்று சட்டென்று பிடிபடும்.

இதில் சாதி இல்லை, சொத்து இல்லை. எந்தப் பெஞ்சு என்பது சீட்டில் விழுவது.

ஓடம்போக்கிக்கரை

எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன், ஒரு வாரம் ஆகிவிட்டது.

முதலில் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். "அன்னிக்கு நான் கேட்டது தப்பு" என்றேன். தலையை ஆட்டினாள். பிறகு குடவோலையை மறுபடி நடத்தினேன். இந்தத் தடவை பாத்திரச் சீட்டு 36. வயது, நிலம், படிப்பு, ஆணா பெண்ணா எல்லாம் சீட்டிலேயே எழுதியிருந்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் சீட்டு ஒன்று, அவருடைய சொந்தக்காரர் சீட்டு இரண்டு. 35 வயதுக்குக் கீழ் உட்காருங்கள், 70க்கு மேல் உட்காருங்கள், பெண்கள் உட்காருங்கள், நிலம் இல்லாதவர், வேதம் படிக்காதவர், கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவுக்காரர். கடைசியில் நான்கு பேர் நின்றார்கள். உட்கார்ந்த 32 பேரும் தங்கள் பாத்திரத்தின் பேரில் சபைக்கு ஒரு கேள்வி எழுதித் தர வேண்டும் என்றேன். அவளுக்கு விழுந்த சீட்டு, எட்டு வேலி நிலம் உள்ள ஒரு கைம்பெண். "என் நிலத்துக்கு வரி வாங்குவீர்கள், என் பேரை மட்டும் ஓலையில் எழுதமாட்டீர்களா?" என்று எழுதியிருந்தாள். முடிந்ததும் ஒவ்வொருத்தராகச் சீட்டைக் குடத்திலேயே போட்டுத் தங்கள் பேரைச் சொன்னார்கள். அவள் சத்தமாகவே சொன்னாள்.

கடைமடை ஐயா, புளியங்கொட்டையும் நேற்று ஆயிற்று. முதல் பெஞ்சு இருபத்தேழு எடுத்துக்கொண்டு, "குறுவைக்கு நாத்து விட்டாச்சு டீச்சர்" என்றது. கடைசிப் பெஞ்சு முதல் சுற்றில் வெறுங்கை. இரண்டாவது சுற்றுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பெஞ்சிலிருந்து இரண்டு பையன்கள் எழுந்து போய் முதல் பெஞ்சின் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். எதற்கு என்று கேட்டால், "காவல் டீச்சர். ராத்திரியில ஷட்டரைத் தூக்கிடுவாங்க."

இதைப் பார்த்த முதல் பெஞ்சு, எங்களுக்கும் சொந்தமாக ஒரு லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் பாசனப் பணியாளர்) வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆறாவது பீரியடில் விசாரணை.